நீர் ஏறுமுன் எழுதிவைத்தவர்

எங்கள் சங்கம் பிறந்த காலத்தை ஒட்டிய செய்தி ஒன்றோடு தொடங்குகிறேன். 1922 நவம்பரில் எகிப்தின் அரசர் பள்ளத்தாக்கில் துட்டங்காமுன் என்ற இளம் மன்னனின் கல்லறையை ஹவார்ட் காட்டர் கண்டுபிடித்தார். உலகத்துப் பத்திரிகைகள் எல்லாம் மாதக்கணக்காக அந்தக் கதையையே எழுதின. அந்த மாதம்தான் ஒன்பது வயதை எட்டியிருந்த பாரிஸ் நகரத்துச் சிறுமி ஒருத்தி அச்செய்திகளில் மனதைப் பறிகொடுத்து எகிப்தின் மேல் பித்தானாள். அப்படிப் பித்துப் பிடித்த பிள்ளைகள் உலகெங்கும் இருந்திருப்பார்கள். அநேகருக்கு அது ஒரு விடுமுறையோடு தெளிந்திருக்கும். இவளுக்கு 97 வயதில் இறக்கும்வரை தெளியவில்லை. அவர்தான் பிற்காலத்தில் பிரான்சின் தலைசிறந்த எகிப்தியல் அறிஞர்களுள் ஒருவராக விளங்கிய கிறிஸ்தியான் தெரோஷ் நோப்லகூர்.

"தொல்பொருளியலைப் படித்து என்ன செய்யப்போகிறாய்?" என்று பெற்றோர் பிள்ளைகளைக் கேட்பதை, வரலாறு படிப்பித்த காலத்தில் நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். நியாயமான கேள்விதான். வேலை வேண்டும், சம்பளம் வேண்டும். ஆனால் அந்தக் கேள்விக்குள் இன்னொரு எண்ணமும் ஒளிந்திருக்கும். பழைய கல்லையும் உடைந்த சட்டியையும் பார்த்துக் குறிப்பெழுதுவது யாருக்கும் உதவாத வேலை என்ற எண்ணம் அது. அப்படி நினைப்பவர்களுக்காகவே இக்கட்டுரை.

முதலில், அவருக்கு முன் நடந்து பாதை வெட்டியவர்கள் சிலரைச் சொல்லவேண்டும். ஆங்கில நாவலாசிரியையான அமேலியா எட்வேர்ட்ஸ் 1873ஆம் ஆண்டில் எகிப்துக்குப் போய், நைல் நதியில் படகேறி அபு சிம்பெல் வரையும் அதற்கப்பாலும் சென்றார். பழஞ்சின்னங்கள் கவனிப்பாரற்று அழிவதைக் கண்டு மனம் வெதும்பி, 1882இல் எகிப்திய அகழ்வாய்வுக்கென ஒரு நிதியத்தை உருவாக்கினார். தமது சொத்தின் ஒரு பகுதியை லண்டன் யுனிவர்சிற்றி கல்லூரியில் எகிப்தியல் பேராசிரியர் பதவியொன்றை நிறுவ எழுதிவைத்தார். அக்கல்லூரியைத் தெரிவு செய்ததற்குக் காரணம் உண்டு. பெண்களையும் ஆண்களோடு சமமாக ஏற்ற இடம் அது. அந்த வாசல் வழியாக 1894இல் உள்ளே போனவர் மார்கிரட் மரே. கல்கத்தாவில் பிறந்தவர், தாதியாகவும் வேலை செய்தவர். அதற்கு முந்திய வருடம் சென்னையில் சகோதரியின் வீட்டில் தங்கியிருந்தார். எகிப்தியல் படிக்கப் போகும்படி அவரைத் தூண்டியவர்களில் அந்தச் சகோதரியும் ஒருவர். மாணவியாய்ப் போனவர் விரிவுரையாளராகி, அபிடோசில் அகழ்வு நடத்தி, 100 வயதுவரை வாழ்ந்தார். அவருடைய தன்வரலாற்றின் தலைப்பு 'எனது முதல் நூறு ஆண்டுகள்'. நூற்றாண்டு மலருக்குக் கட்டுரை எழுதும்போது இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

இன்னும் இருவர் பேர்த்தா போர்ட்டரும் றோசலின்ட் மொஸ்ஸும். எகிப்திலும் நூபியாவிலும் உள்ள ஒவ்வொரு கோயில், கல்லறை, கல்வெட்டு பற்றியும், எந்தச் சுவரில் என்ன இருக்கிறது, அதை யார் எப்போது பிரதி செய்தார், அந்தப் பிரதி எந்த நூலில் அச்சாகியிருக்கிறது என்று தொகுத்த பெருநூல் அவர்களுடையது. முதல் தொகுதி 1927இல் வந்தது. நூபியாவுக்கான ஏழாந் தொகுதி வெளிவந்தபோது 1950கள் பிறந்துவிட்டன. போர்ட்டர் எகிப்து மண்ணில் கால் வைத்ததேயில்லை. மொஸ் வருடக்கணக்காகச் சுவர்களின் முன் நின்று சரிபார்த்தார். கதையாகச் சொல்ல இதில் ஒன்றுமில்லைத்தான். ஆனாலும் எகிப்தியல் ஆய்வு செய்யும் எவரும் இன்றுவரை முதலில் திறந்து பார்ப்பது அந்த நூலைத்தான்.

கிறிஸ்தியானிடம் வருவோம். லூவர் கல்லூரியிலும் சோர்போனிலும் படித்து, 1934இல் லூவர் நூதனசாலையின் எகிப்தியப் பிரிவில் சேர்ந்தார். 1938இல் கெய்ரோவிலிருந்த பிரெஞ்சுத் தொல்பொருளியல் நிறுவகம் அவரை ஆய்வாளராக ஏற்றது. அந்நிறுவகத்தின் வரலாற்றில் அந்த இடத்தைப் பெற்ற முதற் பெண் அவரே. அங்கிருந்த ஆண்கள் கொதித்துப் போனார்கள். அவரோடு நூலகத்தையோ சாப்பாட்டு அறையையோ பகிர்ந்துகொள்ள அவர்கள் விரும்பவில்லை என்றும், அகழ்விடத்தில் மயங்கி விழுந்து செத்துப்போவார் என்று சொன்னார்கள் என்றும் அவரே பின்னாளில் நினைவுகூர்ந்தார். அவர் சாகவில்லை. எட்ஃபுவில் பிரெஞ்சு, போலந்து அறிஞர்கள் சேர்ந்து நடத்திய அகழ்வில் வெயிலில் நின்று வேலை செய்தார். இரண்டாம் உலகப்போர் வந்ததும் லூவரின் எகிப்தியச் சேகரிப்பைப் பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டுபோய் ஒளிப்பதில் பங்கெடுத்தார். ஜேர்மானியருக்கு எதிரான இரகசிய இயக்கத்தில் சேர்ந்து, 1940 டிசம்பரில் கைதாகிச் சில நாட்களில் விடுதலையானார்.

அவருடைய பெயர் வரலாற்றில் நிற்பது நூபியாவால். ஆகவே நூபியா என்றால் என்ன என்று சற்று விரித்துச் சொல்லத்தான் வேண்டும். எங்கள் பாடப்புத்தகங்கள் பிரமிட்டோடும் கிளியோபாத்திராவோடும் நின்றுவிட்டன. நைல் நதியில் அஸ்வானுக்குத் தெற்கே, பாறைகள் இடறும் முதலாவது நீர்வீழ்ச்சியிலிருந்து தொடங்கும் நாடு அது. இன்று அதன் ஒரு பகுதி எகிப்திலும் மறுபகுதி சூடானிலும் இருக்கிறது. பொன், யானைத்தந்தம், கருங்காலி எல்லாம் அந்த வழியாகத்தான் எகிப்துக்குப் போயின. கெர்மா என்ற இடத்தில் குயவர் சக்கரமின்றிக் கையாலேயே வனைந்த கிண்ணங்கள் இருக்கின்றன. அடியில் சிவப்பும் மேலே கறுப்புமாக, முட்டையோடு போன்ற மெல்லிய சுவரோடு இருக்கும். கி.மு. 8ஆம் நூற்றாண்டில் நூபிய மன்னர்கள் வடக்கே படையெடுத்து எகிப்து முழுவதையும் ஆண்டார்கள். எகிப்து வரலாற்றில் 25ஆவது அரச வம்சம் அவர்களுடையதே. பிற்காலத்து மெரோவே அரசில் பெண்களும் ஆட்சி செய்தார்கள். நாகா கோயிலின் முகப்புச் சுவரில் அரசி அமானிதோரே, அரசன் நதகமானிக்குச் சமமான உயரத்தில் நின்று, பகைவரின் தலைமயிரைப் பற்றி ஆயுதத்தை ஓங்குகிறாள். எகிப்தியச் சிற்பி அரசியை மெல்லிடையாளாகத்தான் செதுக்குவான். நூபியச் சிற்பியோ அகன்ற இடுப்பும் பருத்த தோளுமாகச் செதுக்கினான். அந்நாட்டில் அரசிக்குரிய அழகு அதுதான்.

இத்தனை இருந்தும், நூபியக் கலையை எகிப்தியக் கலையின் மங்கிய நகல் என்றே நெடுங்காலம் எழுதினார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு மிகப் பெரிய அகழ்வுகளை நடத்திய அமெரிக்க அறிஞர் ஜோர்ஜ் ரைஸ்னர், கெர்மாவின் பெரிய கட்டிடங்களைக் கண்டதும் அவை எகிப்திய ஆளுநர் ஒருவரின் நிலையம் என்று முடிவு கட்டினார். கறுப்பின மக்கள் சொந்தமாக அப்படிக் கட்டியிருப்பார்கள் என்று அவரால் எண்ண முடியவில்லை. அது ஓர் ஆபிரிக்க அரசின் தலைநகரம் என்பது பிற்கால அகழ்வுகளால் ஐயமின்றித் தெளிவாயிற்று. ரைஸ்னரின் முடிவு பிழைத்தது. ஆனால் ஒவ்வொரு குழியையும் ஒவ்வொரு மண்சட்டியையும் அவர் ஒழுங்காகப் பதிந்திருந்தார். அந்தப் பதிவுகளை வைத்தே அவரைத் திருத்தவும் முடிந்தது.

அணையின் கதை அடுத்தது. அஸ்வானில் முதல் அணை 1902இல் முடிந்தது. பின்னர் இருமுறை உயர்த்தப்பட்டது. பிலே தீவின் அழகிய ஐசிஸ் கோயில் வருடத்தின் பெரும்பகுதி நீருக்குள் நின்றது. 1954இல் எகிப்திய அரசு இன்னும் பெரிய அணையொன்றைக் கட்டத் தீர்மானித்தது. எகிப்தின் சனத்தொகை பெருகிக்கொண்டிருந்தது; நீரும் மின்சாரமும் தேவை; அதைக் குறைசொல்ல முடியாது. ஆனால் அணையின் பின்னால் ஏறத்தாழ 500 கிலோமீற்றர் நீளத்துக்கு ஏரி ஒன்று உருவாகும். அபு சிம்பெல் உட்பட கீழ்நூபியா முழுவதும் அதற்குள் போய்விடும்.

அந்த நேரத்தில் யுனெஸ்கோவின் சார்பில் கிறிஸ்தியான் கெய்ரோவுக்கு வந்தார். 1955இல் அங்கு பண்டைய எகிப்து பற்றிய ஆவணப்படுத்தல் நிலையம் அமைந்தது. அதன் உருவாக்கத்தில் அவருக்குப் பெரும் பங்குண்டு. காப்பாற்ற முடியுமோ முடியாதோ, முதலில் எல்லாவற்றையும் பதிந்துவிடவேண்டும் என்பதே திட்டம். வரைவாளர், புகைப்படக்காரர், கட்டிடக்கலைஞர், கல்வெட்டு வாசிப்பவர் என்று ஒரு குழு படகிலே தங்கிக் கோயில் கோயிலாகச் சென்றது. சுவரைப் படம் பிடித்து, கோட்டோவியமாக வரைந்து, எழுத்துகளைப் பிரதி செய்து, இன்னொருவர் அதைச் சுவரின் முன் பிடித்துச் சரிபார்க்கவேண்டும். நேர் வெளிச்சத்தில் தெரியாத கீறல் சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும். ஆகவே ஒரே இடத்தைப் பலமுறை பார்க்கவேண்டும். அபு சிம்பெல் சிலைகளின் முகங்களை, நிலப்படம் வரையும் முறைப்படி இரட்டைப் புகைப்படங்களிலிருந்து அளந்து எடுத்தார்கள். 1956இல் சூயஸ் போர் மூண்டு பிரான்ஸ் எகிப்தின் பகைநாடாயிற்று. பிரெஞ்சு நிறுவகமும் மூடப்பட்டது. யுனெஸ்கோவின் பெயரால் கிறிஸ்தியானுக்கு மட்டும் வழி திறந்திருந்தது. போருக்குப் பின் பேசிக்கொள்ளாத இரு அரசுகளுக்கிடையே, சுவர்களைப் பிரதி செய்துகொண்டிருந்த பெண்ணொருத்தி போய்வந்தார் என்பது சிறு விடயமல்ல.

எகிப்தின் கலாசார அமைச்சர் தார்வத் ஒக்காஷாவும் அவரும் சேர்ந்து யுனெஸ்கோவை வற்புறுத்தினர். 1959இல் எகிப்தும் சூடானும் முறைப்படி உதவி கேட்டன. 1960 மார்ச் 8ஆம் திகதி யுனெஸ்கோ உலக நாடுகளுக்கு வேண்டுகோள் விடுத்தது. சுமார் 50 நாடுகள் பணமோ ஆட்களோ தந்தன. அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் முறைத்துக்கொண்டு நின்ற காலம் அது என்பதை நினைத்தால், நடந்ததை நம்புவதே கடினம்.

எல்லாரும் அறிந்தது அபு சிம்பெல். மலையைக் குடைந்து இரண்டாம் ராம்சேஸ் செய்த இரு கோயில்களும் 1964க்கும் 1968க்கும் இடையில் 1,000க்கு மேற்பட்ட துண்டுகளாக அறுக்கப்பட்டன. ஒவ்வொன்றும் 20, 30 தொன் நிறை. 65 மீற்றர் மேலே தூக்கி, மீண்டும் பொருத்தினார்கள். அதைப்பற்றிப் படங்களும் புத்தகங்களும் நிறைய உண்டு. எனக்குப் பிடித்தது அமாதாவின் கதை.

அமாதா சிறிய கோயில். மூன்றாம் துத்மோசும் அவன் மகன் இரண்டாம் அமென்ஹோதெப்பும் கட்டியது. அபு சிம்பெல்லிலும் இருநூறு ஆண்டு மூத்தது. வெளியிலிருந்து பார்த்தால் பெட்டிபோல் இருக்கும். உள்ளேதான் அதன் செல்வம். கிறிஸ்தவம் நூபியாவில் பரவியபோது அதைத் தேவாலயமாக்கினார்கள். பழைய சிற்பங்களை மறைக்கச் சுவருக்குச் சாந்து பூசினார்கள். அந்தச் சாந்தே அதன் கீழிருந்த வர்ணங்களை வெயிலும் காற்றும் படாமல் காத்தது. சிற்பமோ மிக மெல்லியது. வர்ணம் அதன்மேல் தோல்போல் ஒட்டியிருந்தது. வாள் வைத்து அறுத்தால் உதிர்ந்துவிடும். மற்றக் கோயில்களுக்குச் சொன்ன வழி இதற்குப் பொருந்தாது. இதைக் கைவிட்டுவிடலாம் என்ற பேச்சு எழுந்தபோது, பிரான்ஸ் இதைக் காப்பாற்றும் என்று கிறிஸ்தியான் அறிவித்துவிட்டார். அரசிடம் கேட்கவில்லை. பணமும் இல்லை.

ஜனாதிபதி டி கோல் அவரைக் கூப்பிட்டு, தமது அரசாங்கத்தின் அனுமதியின்றிப் பிரான்சின் பெயரால் வாக்குக் கொடுக்க எப்படித் துணிந்தீர் என்று கேட்டாராம். 1940இல் பெத்தேனின் அனுமதியைக் கேட்டுக்கொண்டா நீங்கள் லண்டன் வானொலியில் பேசினீர்கள் என்று இவர் திருப்பிக் கேட்டாராம். அவர் இறந்தபோது வந்த இரங்கற் கட்டுரைகள் இந்தச் சம்பவத்தை விடாமல் சொல்லின. பிரான்ஸ் பணம் கொடுத்தது. ஏறத்தாழ 900 தொன் நிறையுள்ள அமாதாவை அறுக்காமல், சுற்றிக் கட்டி இறுக்கி, கீழே தண்டவாளமிட்டு, நீரழுத்தப் பொறிகளால் மெல்ல மெல்லத் தள்ளினார்கள். 2.6 கிலோமீற்றர் தூரம், 60 மீற்றருக்கு மேற்பட்ட ஏற்றம். பின்னால் நீர் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு வர்ணமும் உதிராமல் கோயில் மேலே போய்ச் சேர்ந்தது. இன்றும் ஏரிக்கரையில் நிற்கிறது.

சூடான் பக்கத்தில் போலந்து அறிஞர் மிக்கலோவ்ஸ்கி வேலை செய்தார். போருக்கு முன் எட்ஃபு அகழ்வில் போலந்தின் சார்பில் நின்றவர் அவர். ஃபராஸ் என்ற மணல்மேட்டைத் தோண்டியபோது, கூரைவரை மணல் நிரம்பிய பேராலயம் ஒன்று வெளிப்பட்டது. சுவர் முழுதும் ஓவியங்கள், 120க்கும் மேல். பெரிய விழிகளோடு, உதட்டில் விரல் வைத்திருக்கும் புனித அன்னாள் அவற்றுள் ஒன்று. சுவரிலிருந்து பெயர்த்தெடுத்து, ஒரு பங்கு வார்சோவுக்கும் மறுபங்கு கார்ட்டூமுக்கும் போயின. கார்ட்டூமில் சூடான் தேசிய நூதனசாலை எழுந்தது. ஹட்ஷெப்சுட் என்ற பெண் மன்னர் புஹெனில் கட்டிய கோயிலும் அதன் தோட்டத்துக்கே வந்தது. 2023 ஏப்ரலில் சூடானில் போர் மூண்டது. அந்த நூதனசாலை சூறையாடப்பட்டது. வெள்ளத்திலிருந்து மீண்டவை பட்டாளத்திடம் சிக்கின. நூலகம் எரிந்ததைக் கண்டவர்களுக்கு இதற்குமேல் நான் விளக்கத் தேவையில்லை. களவுபோன ஒரு சிலையை உலகச் சந்தையில் இனங்கண்டு பிடிக்க, எண்ணிட்ட பதிவேடும் பழைய புகைப்படமும்தான் கைகொடுக்கும்.

கிறிஸ்தியானின் எஞ்சிய வாழ்வைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1967இல் துட்டங்காமுன் பொருட்களைப் பாரிசுக்குக் கொண்டுவந்து காட்சிக்கு வைத்தார். 12 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வந்து பார்த்தார்கள். அரசிகள் பள்ளத்தாக்கில் ராம்சேசின் தாயான துய் அரசியின் கல்லறையை அகழ்ந்தார். 1975இல் பிரெஞ்சு தேசிய ஆய்வு நிலையத்தின் தங்கப் பதக்கம் கிடைத்தது. அடுத்த வருடம், பூஞ்சணம் பிடித்திருந்த ராம்சேசின் உடலமே சிகிச்சைக்காகப் பாரிசுக்கு வந்தது. பண்டைய எகிப்தியப் பெண்களைப் பற்றியும் ஹட்ஷெப்சுட் பற்றியும் பொதுமக்களுக்காக நூல்கள் எழுதினார். அவற்றில் சில ஊகங்கள் சான்றைவிட ஒரு படி முன்னே ஓடுகின்றன என்று சக அறிஞர் குறைசொன்னார்கள். அக்குறையில் உண்மை உண்டு. நல்ல கதைசொல்லிகளுக்கு நேர்வதுதான். நூபிய மீட்புப்பணியின் அனுபவத்திலிருந்தே உலக மரபுரிமைக்கான 1972ஆம் ஆண்டு உடன்படிக்கைக்கும் உந்துதல் பிறந்தது. எங்கள் அனுராதபுரமும் பொலன்னறுவையும் சிகிரியாவும் 1982இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது அந்த உடன்படிக்கையின் கீழ்த்தான்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இது அரைக்கதையாகிவிடும். கற்களுக்காக உலகம் திரண்டது. அந்த நதிக்கரையில் வாழ்ந்த நூபிய மக்கள், எகிப்திலும் சூடானிலுமாக ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர், ஊரை விட்டுப் போகவேண்டி வந்தது. எகிப்திய நூபியர் கொம் ஓம்போ பக்கத்துக்கும், வாதி ஹல்ஃபா மக்கள் பல நூறு கிலோமீற்றர் தொலைவில் கஷ்ம் எல்-கிர்பாவுக்கும் அனுப்பப்பட்டார்கள். பேரீச்சந்தோப்பும் முன்னோரின் அடக்கத்தலங்களும் நீருக்குள் போயின. புதிய வீடுகள் வரிசை வரிசையாக, ஒரே அச்சில், நதியிலிருந்து விலகி நின்றன. கோயிலைத் துண்டுக்குத் துண்டு இலக்கமிட்டு மீளப் பொருத்திய நிபுணத்துவத்தில் சிறு பங்காவது இம்மக்களின் வீடுகளுக்குக் கிடைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. கிறிஸ்தியானை இதற்குக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அவரைப் புகழும்போது இதை மறந்துவிடவும் கூடாது.

அந்த வீடுகளைப் பதிந்தவரும் ஒரு பெண்தான். மரியன் வென்செல் என்ற கலை வரலாற்றாசிரியர், நீர் வருமுன் சூடான் பக்கத்து நூபியக் கிராமங்களுக்குப் போய், மண்சுவர்களில் வரைந்திருந்த சிங்கம், முதலை, பூ, பறவை, சுவரில் பதித்த பீங்கான் கோப்பைகள் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். யார் வரைந்தது என்று வீடு வீடாகக் கேட்டார். அகமட் பத்தூல் போன்ற சாந்து பூசும் தொழிலாளரின் பெயர்கள் அப்படித்தான் எழுத்தில் ஏறின. நூல் 1972இல் அச்சானபோது அந்தச் சுவர்கள் ஒன்றும் இல்லை. கொம் ஓம்போ பக்கத்துக் குடியிருப்புகளுக்கு மக்கள் தங்கள் பழைய ஊர்களின் பெயர்களையே வைத்துக்கொண்டார்கள். பல்லானா, தோஷ்கா, கலாப்ஷா என்று இன்றும் அங்கே ஊர்கள் இருக்கின்றன.